லிங்க்ட்இன்னில் முந்திரி விற்குமா?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பல வருஷமாக முந்திரி கம்பெனி நடத்துகிறார். கொட்டை வாங்கி உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து புரோக்கரிடம் கொடுப்பதோடு சரி. நான் புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே லிங்க்ட்இன்னில் கம்பெனி பெயரில் ஒரு பக்கம் தொடங்கினேன். லோகோ, பொங்கல் வாழ்த்து, பருப்புப் படம் எல்லாம் போட்டும் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. “வேலை தேடுறவங்க இருக்கிற இடத்துல பருப்பை யாரும்மா வாங்குவா?” என்கிறார் அப்பா. பேசாமல் இன்ஸ்டாகிராமுக்கு மாறிவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாயசத்துக்கு ஐம்பது கிராம் வாங்குகிறவர் அங்கே வரமாட்டார். ஆனால் ஸ்வீட் கடைகளுக்கும் பேக்கரி, ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்கும் டின் கணக்கில் பருப்பு வாங்கிப் போடும் பர்ச்சேஸ் மேனேஜர் தன் பெயரையும் பதவியையும் எழுதி வைத்திருப்பது அங்கேதான். பதவியையும் ஊரையும் போட்டுத் தேடினால் சென்னையிலும் பெங்களூரிலும் யார் யார் என்று வந்துவிடும். இத்தனை நாளும் புரோக்கருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இவர்கள்தான்.

உங்கள் சிக்கல் வேறு. கம்பெனிப் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாதவருக்கு அழைப்பு அனுப்ப வழியில்லை. தனிநபர் கணக்குக்குத்தான் அது முடியும். அந்தக் கணக்கு அப்பா பெயரில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தொழில் தெரிந்தவர் அவர். அவர் போனிலேயே தொடங்குங்கள், அவர் சொல்லச் சொல்ல பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள். பெயருக்குக் கீழே வரும் வரியில் ‘பண்ருட்டி முந்திரி, சொந்த யூனிட், 240, 320 முழுப் பருப்பு, துண்டுப் பருப்பு’ என்று இருந்தால் போதும். உங்கள் ஆபீஸ் விதிகளோடும் உரசல் வராது.

அப்புறம், வாழ்த்துப் படங்களை விடுங்கள். அப்பாவுக்குக் கை வந்ததைக் காட்டுங்கள். 320 என்றால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமில் 300 முதல் 320 பருப்பு நிற்கும். 240 என்றால் 220 முதல் 240. எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் கூடுதல். புதிதாக வாங்க வருகிற பலருக்கு இது தெரியாது. தராசில் 454 கிராம் வைத்து அப்பா எண்ணுவதை அப்படியே வீடியோ எடுங்கள். இன்னொரு நாள், போர்மாவில், அதாவது பருப்பை உலர்த்தும் சூட்டறையில் காய்ந்து வந்த பருப்பு: சிவப்புத் தோல் பொலபொலவென்று விடும், விடாத இடத்தில் கத்தி நுனி போகும், அழுத்திவிட்டால் கீறல் விழுந்து தரம் இறங்கிவிடும். அந்தக் கீறலைக் கிட்டத்தில் காட்டுங்கள். வேலை செய்யும் அக்காமாரின் முகம் வருவதானால் முதலில் அவர்களைக் கேளுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் தோப்புகளைச் சாய்த்த பிறகு எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று அப்பா சொன்னால் அதையும் எழுதுங்கள். எளிய ஆங்கிலத்தில் நாலு வரி போதும், வெளி மாநிலத்தவரும் படிக்க வேண்டுமே.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். நம் பக்கத்து யூனிட்டுகளில் ஆப்பிரிக்கக் கொட்டையும் உடைபடுகிறது, வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். எந்தச் சரக்கு நம் மண்ணில் விளைந்ததோ அதற்கு மட்டும் அப்படிச் சொல்லுங்கள்.

அழைப்பை ஏற்றவுடன் விலைப்பட்டியலை நீட்டாதீர்கள். ‘எந்தத் தரம் பயன்படுத்துகிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் அரை கிலோ சாம்பிள் அனுப்புங்கள். காஜு கட்லிக்கு எப்படியும் அரைக்கத்தான் போகிறார்கள், அதற்கு முழுப் பருப்பு எதற்கு? நல்ல வெள்ளைத் துண்டு போதும். உங்களிடம் தேங்குகிற துண்டுக்கு ஸ்வீட் கடைதான் முதல் வாசல். முழுப் பருப்பு புரோக்கரிடமே போகட்டும், பழகியவரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விலையையும் பொதுவில் போட வேண்டாம்.

பணம் விஷயத்தில் அப்பாவின் பயம் சரியானது. முதல் ஆர்டருக்கு முன்பணம் வாங்குங்கள். அவர்கள் தரும் ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டு, சொன்ன பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள். அது இலவசம், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் சிறு தொழில் சட்டம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். வெளிநாட்டு ஆர்டர் என்று சொல்லி ‘முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று யார் எழுதினாலும் பதிலே போடாதீர்கள்.

இன்ஸ்டாகிராம் இப்போது வேண்டாம். அங்கே கால் கிலோ, அரைக் கிலோ கேட்பார்கள். அதற்குத் தனி பாக்கெட், லேபிள், கூரியர், தினமும் போன் எடுக்க ஓர் ஆள் என்று எல்லாம் வேண்டும். வேலைக்கும் போய்க்கொண்டு உங்களால் முடியாது. துண்டுக்கு இரண்டு மூன்று நிலையான கடைகள் அமைந்த பிறகு, தீபாவளி கிஃப்ட் பாக்கெட்டுக்கு வேண்டுமானால் அதைத் தொடங்கலாம்.