பம்பிங் குறைந்த இதயத்துக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூன்று மாதங்களுக்கு முன் மூச்சுத்திணறல், கால்வீக்கத்துடன் மருத்துவமனையில் சேர்த்தோம். எக்கோவில் ‘பம்பிங் 30 சதவீதம்’ என்றார்கள். ஈசிஜியில் இடது கிளையில் அடைப்பு இருக்கிறதாம். மெட்டோப்ரோலால், சாக்குபிட்ரில்-வல்சார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன், டாபாக்லிஃப்ளோசின், ஃப்யூரோசமைடு என ஐந்து மாத்திரைகள். இப்போது நன்றாக நடமாடுகிறார். ஆனால் வீட்டு பிபி மெஷினில் நாடித்துடிப்பு 56, 58 என்றுதான் காட்டுகிறது. மெட்டோப்ரோலால்தான் துடிப்பைக் குறைக்கிறதாம். ஏற்கெனவே பலவீனமான இதயத்தை இன்னும் மெதுவாக்கலாமா? அதை மட்டும் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அதுவும் திடீரென்று வேண்டவே வேண்டாம். மெட்டோப்ரோலால், அட்ரினலினின் வேகத்தைத் தடுக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மருந்து. பல நாள் சாப்பிட்ட பீட்டா பிளாக்கரைச் சட்டென விட்டால், அதுவரை அடங்கியிருந்த துடிப்பு எகிறும். சிலருக்கு ஆபத்தான தாளக்கோளாறும் வரும்.

முதலில் ‘பம்பிங் 30’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நூற்றுக்கு 30 மார்க் என்று நினைத்துப் பலர் இடிந்துபோகிறார்கள். ஆரோக்கியமான இதயமே தன் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதத்தைத்தான் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும். 30 குறைவுதான், ஆனால் ‘70 சதவீதம் போய்விட்டது’ என்று அர்த்தமில்லை.

துடிப்பின் வேகமும் தசையின் வலுவும் இருவேறு சங்கதிகள். வேகத்தை முடிவுசெய்வது வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு என்ற சிறு திசு. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது தானாகவே மின்துடிப்பை எழுப்பும். அந்த மின்சாரம் மேலறைகளில் பரவி, நடுவே உள்ள ஏவி கணுவுக்கு வந்ததும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கும். மேலறைகள் தங்கள் ரத்தத்தைக் கீழே இறக்கி முடிக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தத் தாமதம். அப்புறம் ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது, இடது கிளைகளாகப் பிரிந்து, பர்கின்ஜி இழைகள் மூலம் கீழறைத் தசை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

தசை பலவீனமானால் உடல் சும்மா இருக்காது. அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரந்து ‘வேகமாக அடி’ என்று சைனஸ் கணுவைத் துரத்தும். சில நாட்களுக்கு அது கைகொடுக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தசையையே அரித்துவிடும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் கிடைப்பது அது சுருங்கும்போது அல்ல, தளரும்போது. நிமிடத்துக்கு 100 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.6 நொடி, அதில் தளர்வுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி. 60 துடிப்பு என்றால் முழுசாக ஒரு நொடி. தளர்வு நேரம் சுமார் இரண்டு மடங்கு. உங்கள் அப்பாவின் இதயம் இப்போது குறைவாக உழைக்கவில்லை, நிதானமாக நிரம்பி உழைக்கிறது.

உங்களுக்கு வந்த சந்தேகம் மருத்துவ உலகத்துக்கும் இருந்தது. பல ஆண்டுகள் இதயச் செயலிழப்புக்கு, அதாவது இப்படிப் பம்பிங் பலவீனமான நிலைக்கு, பீட்டா பிளாக்கர் கொடுக்கவே கூடாது என்றுதான் சொல்லித்தந்தார்கள். 1975இல் சுவீடனின் கோதன்பர்க் மருத்துவர்கள் சிலர் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்று பிசோப்ரோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கரிலும் மற்றது நீண்டநேரம் கரையும் மெட்டோப்ரோலாலிலும், இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாறாக, தசையை விரட்டிச் சுருங்கவைக்கும் மில்ரினோன் மாத்திரையை நீண்ட நாள் கொடுத்துப் பார்த்த 1991 ஆய்வில் இறப்பு 28 சதவீதம் கூடியது. சுருக்கத்தைக் கூட்டும் பழைய மருந்தான டிஜாக்சினும் 1997 ஆய்வில் மருத்துவமனை சேர்க்கையைக் குறைத்ததே தவிர, ஆயுளைக் கூட்டவில்லை.

மற்ற மாத்திரைகளில் ஃப்யூரோசமைடு தேங்கிய நீரை இறக்க மட்டும்தான். வீக்கத்தைப் பொறுத்து மருத்துவர் அதைக் குறைக்கலாம். மீதி மூன்றும் மெட்டோப்ரோலாலும் சேர்ந்துதான் ஆயுளைக் காக்கும் நான்கு. சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் டாபாக்லிஃப்ளோசின் உதவும், எனவே ‘எனக்குச் சுகர் இல்லையே’ என்று அப்பா அதை ஒதுக்க வேண்டாம்.

சரி, 56 பற்றிக் கவலைப்படவே வேண்டாமா? மயக்கம், தலைசுற்றல், புதிதாக அசதி எதுவும் இல்லையென்றால் அந்த எண் எனக்குத் திருப்தியானதே. இடையிடையே முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்புகளை பிபி மெஷின் எண்ணாமல் விட்டுவிடுவதும் உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணிப் பாருங்கள். 50க்குக் கீழே நின்றாலோ தலை சுற்றினாலோ மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அளவைக் குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். மயங்கி விழுந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நீண்டநேரம் கரையும் மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

ஸ்பைரோனோலாக்டோனும் வல்சார்ட்டனும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அது மிஞ்சினால் மேலே சொன்ன மின்பாதையே தடுமாறும். அதனால் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும்) பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அப்பாவுக்கு அது வேண்டாம், சாதா உப்பையே குறையுங்கள். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் நீர் தேங்கும், சிறுநீரகமும் அடிபடும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த ‘இடது கிளை அடைப்பு’. இது ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்யும் விஷயமும் அல்ல. மின்சாரம் இடது கிளையில் இறங்க முடியாமல் தசை வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால் இடது கீழறையின் ஒரு சுவர் முன்னாலும் எதிர்ச்சுவர் பின்னாலும் சுருங்குகிறது. இழுப்பு ஒத்துப்போகாததால் பம்பிங் வீணாகிறது. மாத்திரையால் இந்தக் கோளாறு தீராது. மூன்று மாதம் மருந்தைச் சரியாகச் சாப்பிட்ட பிறகும் பம்பிங் 35க்கு மேல் ஏறாமல், ஈசிஜியில் கியூஆர்எஸ் அலையின் (கீழறைகளில் மின்சாரம் பரவுவதைக் காட்டும் அலை) அகலம் 150 மில்லிநொடியோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்கவைக்கும் சிஆர்டி பேஸ்மேக்கர் பலருக்கு நல்ல பலன் தரும். உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது மறுபடி எக்கோ எடுக்கச் சொல்லி, அந்த அலையின் அகலம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.