பிச்சி எத்தனை எழுத்து? சர்வர் சைடு கோடிங் கேள்வி பதில்

ஆன்லைன் காலேஜ்ல சர்வர் சைடு பேப்பர், அதாவது பிரவுசர்ல இல்லாம சர்வர்ல ஓடுற கோடு எழுதுற பேப்பர் எடுத்திருக்க நம்ம மாவட்டத்து ஆளுங்க கேட்டதுக்கெல்லாம் இங்கயே பதில் சொல்லிடுறேன். நாகர்கோவில்ல எனக்கு சர்வர்ல ஓடுற பிஹெச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், இதுங்களோடதான் தினப்படி வேலை, அதனால என்ன சந்தேகம்னாலும் தயங்காம கேளுங்க.

திங்கள்சந்தை தம்பி: அண்ணே, வீடியோல சார் அடிச்சதையே ஒரு புள்ளி மாறாம அடிச்சேன், ஃபைலை பிரவுசர்ல இழுத்து விட்டா கோடுதான் அப்படியே தெரியுது. லேப்டாப் பிரச்சனையா?

லேப்டாப்புக்கு ஒண்ணும் இல்ல மக்ளே. நீ இழுத்து விட்டப்போ பிரவுசர் நேரா டிஸ்க்ல இருந்து ஃபைலை எடுத்துகிட்டு, நடுவுல சர்வர்னு ஒண்ணு வரவே இல்ல. பிரவுசருக்கு பிஹெச்பி தெரியாது. ஸாம்ப்ல (அப்பாச்சி, பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல் எல்லாம் சேர்ந்து வர்ற சாஃப்ட்வேர்) அப்பாச்சிங்கிற வெப் சர்வரை ஸ்டார்ட் பண்ணி, ஃபைலை ஸாம்புக்குள்ள இருக்க ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டர்ல போட்டு, அட்ரஸ் பார்ல லோக்கல்ஹோஸ்ட், ஒரு சாய்வுக் கோடு, உன் ஃபைல் பேர்னு அடிச்சு போ. அப்பதான் அப்பாச்சி அதை பிஹெச்பிகிட்ட குடுத்து ஓட வச்சு, வர்ற ஹெச்டிஎம்எல்ல மட்டும் உனக்கு அனுப்பும். பக்கம் வந்ததும் ரைட் கிளிக் பண்ணி வியூ சோர்ஸ் பாரு, நீ எழுதின பிஹெச்பி ஒரு வரி கூட இருக்காது. இனி ஒவ்வொரு வரி அடிக்கும்போதும் இது பிரவுசர்ல ஓடுதா சர்வர்ல ஓடுதான்னு கேட்டுக்க, இந்த பேப்பர்ல பாதி குழப்பம் அதுலயே தீரும்.

குலசேகரம் தங்கச்சி: அண்ணா, மழையில கரண்ட் போச்சு, லேப்டாப்ல பேட்டரி நிக்காது. திரும்ப ஆன் பண்ணா மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகி உடனே நின்னுடுது. நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணணும், ஸாம்பை அழிச்சிட்டு திரும்ப போடவா?

அழிச்சிடாத, அழிச்சா டேட்டாவும் சேர்ந்து போயிடும். முதல்ல லாக்ஸ் பட்டனை அழுத்தி எர்ரர் என்னன்னு படி, மைஎஸ்க்யூஎல் வழக்கமா எடுத்துக்குற 3306 போர்ட்டை வேற ஏதாவது சாஃப்ட்வேர் பிடிச்சு வச்சிருந்தா அதை நிறுத்தினாலே போதும். அது இல்லன்னா ஃபைல்தான் கெட்டிருக்கும். பைய செய்யி: மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள்ள டேட்டான்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதோட பேரை டேட்டா பழசுன்னு மாத்து, பக்கத்துல இருக்க பேக்கப் ஃபோல்டரை காப்பி எடுத்து அதுக்கு டேட்டான்னு பேர் வை, அப்புறம் பழசுல இருந்து உன் டேட்டாபேஸ் ஃபோல்டரையும் ஐபிடேட்டா1 ஃபைலையும் மட்டும் புதுசுக்குள்ள போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணு. பெரும்பாலும் வந்துடும். வந்த உடனே பிஹெச்பிமைஅட்மின்ல எக்ஸ்போர்ட் எடுத்து மெயில்ல போட்டு வை, மழை சீசன்ல இது தினம் செய்யணும்.

தோவாளை அக்கா: தம்பி, பூ விலை போடுற ப்ராஜெக்ட் செய்யுறேன். பேர் 10 எழுத்துக்கு மேல கூடாதுன்னு செக் வச்சேன், "பிச்சி"ன்னு அடிச்சா கூட நீளம்னு சொல்லுது. சேவ் ஆன பழைய பேரெல்லாம் கேள்விக்குறியா நிக்குது.

அக்கா, எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, ஏன்னா வீடியோல எல்லாம் இங்கிலீஷ் பேரை வச்சே காட்டுவாங்க, தமிழ்ல போட்டாதான் இது வெளிய வரும். நீளம் பாக்க பிஹெச்பில போடுற ஸ்டர்லென் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். எழுத்தை சேமிக்கிற யூடிஎஃப்8 முறையில தமிழ் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். பிச்சியில ப, இகரக் குறி, ச, புள்ளி, ச, இன்னொரு இகரக் குறின்னு 6 குறி இருக்கு, ஆக 18 பைட். எம்பி ஸ்டர்லென் போட்டா 6 வரும். நாம படிக்கிற மாதிரி 3 வேணும்னா கிராஃபீம் ஸ்டர்லென் போடணும், அதுக்கு பிஹெச்பி செட்டிங்ஸ் ஃபைல்ல இன்டல் எக்ஸ்டென்ஷனை ஆன் பண்ணுங்க. கேள்விக்குறி வர்றது டேபிள் தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்1 முறையில இருக்கறதால. டேபிளையும் கனெக்‌ஷனையும் ரெண்டையும் யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தினா பத்தாது. ஏற்கெனவே கேள்விக்குறியா சேவ் ஆனது திரும்பாது, அதை புதுசா அடிக்கத்தான் வேணும்.

குளச்சல் தம்பி: ஜாவாஸ்கிரிப்ட்ல ஃபார்மை செக் பண்ணியாச்சு, சர்வர்லயும் எதுக்குண்ணே?

ஜாவாஸ்கிரிப்ட் ஓடுறது அவன் மெஷின்ல. எஃப்12 தட்டி மறைச்சு வச்ச விலையை 500ல இருந்து 5 ஆக்கி அனுப்பிடலாம், சர்வர்ல செக் இல்லன்னா அது அப்படியே போய் சேவ் ஆகும். விலையை ஃபார்ம்ல இருந்து வாங்கவே வாங்காத, டேட்டாபேஸ்ல இருந்து எடு. க்வெரியில யூசர் அடிச்சதை நேரா ஒட்டாம பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (க்வெரி தனியா, யூசர் அடிச்சது தனியா அனுப்புறது) போடு. பழைய வீடியோல வர்ற மைஎஸ்க்யூஎல்_க்வெரி 2015ல பிஹெச்பி 7 வந்தப்பவே தூக்கியாச்சு, அதை பாத்து எழுதாத. பாஸ்வேர்டை மறைச்சு சேமிக்க எம்டி5 சொல்லித் தர்ற வீடியோவையும் விட்டுடு, 2013ல இருந்தே பாஸ்வேர்ட்_ஹேஷ் இருக்கு.

மார்த்தாண்டம் தங்கச்சி: பிஹெச்பி பழசு, நோட் ஜேஎஸ் (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) படின்னு எல்லாரும் சொல்றாங்க?

பிஹெச்பி 1995, நோட் 2009, ரெண்டுலயும் இன்னைக்கும் வேலை இருக்கு. உன் சிலபஸ்ல பிஹெச்பிதானே, அதை உருப்படியா முடி. ரிக்வெஸ்ட், குக்கி, செஷன் எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான், இங்க புரிஞ்சா அங்க போறது கஷ்டமா இருக்காது.

கருங்கல் அக்கா: லாகின் ஆகுது, அடுத்த பக்கம் போனா பேரை காணோம். ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்னு வேற வருது.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கிற ஹெச்டிடிபிக்கு முந்தின ரிக்வெஸ்ட் ஞாபகம் இருக்காதுக்கா, செஷன் ஐடியை குக்கில (பிரவுசர் வச்சுக்குற சின்ன தகவல்) போட்டு அனுப்பித்தான் அடையாளம் தெரியணும். அதனால பேர் வேணும்னு நினைக்கிற எல்லா பக்கத்துலயும் செஷன் ஸ்டார்ட் முதல்ல இருக்கணும். குக்கி போறது ஹெட்டர்ல, அதுக்கு முன்னால ஒரு எழுத்து வெளிய போனாலும் இந்த எர்ரர்தான். பிஹெச்பி டேக்குக்கு மேல காலி வரியோ ஸ்பேஸோ இருக்கான்னு பாருங்க, எர்ரர்லயே ஃபைல் பேரும் வரி நம்பரும் இருக்கும். அதை எடுத்துட்டும் வரலன்னா அந்த எர்ரரை முழுசா அனுப்புங்க, பாக்குறேன்.