அந்தக் காக்கை அப்பாருவா?

ஆடி அமாவாசை நெருங்குகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் இளம் பெற்றோர் கேட்டவை இவை.

கோபியிலிருந்து ஒரு தாய்: காக்கைக்குச் சோறு வைத்தால், இறந்துபோன தாத்தாவை நினைத்து, "அதுதான் அப்பாருவா?" என்கிறான் ஆறு வயது மகன். ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

அப்பாரு இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள் அம்மிணி. "தூங்குகிறார்" என்று மழுப்பியதைக் கேட்டுத் தூங்கவே பயந்த பிள்ளையை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். பிறகு, "காக்கை தின்றால் அவரே தின்றதாக நம் வீட்டில் நினைத்துக்கொள்வோம்" என்று சொல்லலாம். சோற்றை அவன் கையாலேயே வைக்கட்டும். எங்கள் படையலில் வடை, பாயசத்தோடு கொள்ளுப் பருப்பும் இருக்கும். சாத்திரம் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம்; எங்கள் அப்பாருவுக்கு அதுதான் உயிர். ஏன் கொள்ளு என்று கேட்டுக் கேட்டே, மழை பொய்த்த வருடங்களில் அவர் மேட்டாங்காட்டில் கொள்ளு விதைத்த கதை பேரப்பிள்ளைகளுக்குப் பாடமாகிவிட்டது.

திருப்பூரிலிருந்து: அடுக்குமாடி வீடு. காக்கை வருவதே இல்லை.

மொட்டை மாடிச் சுவரில் வைத்துவிட்டு வாருங்கள். வராவிட்டால், "அப்பாருவுக்குக் கோபம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

பவானி கூடுதுறைக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம், கூட்டத்தில் கையை விடாதீர்கள். காவிரியோடு பவானி சேர்வதைக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அமுத நதியும் சேர்கிறது என்றால் சின்னப் பிள்ளைகள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்! எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும். முந்தின நாளே பாட்டிமார் பெயரையும் சேர்த்து நோட்டில் எழுத வையுங்கள். பெரியவர்களே தடுமாறுவதைப் பார்ப்பீர்கள்.

பன்னிரண்டு வயது மகளுக்கு இதெல்லாம் சலிப்பாக இருக்கிறது.

சென்னிமலையிலிருந்து கொடுமணல் பக்கம்தான். நொய்யல் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ஈமக்காடு இருக்கிறது. இறந்தவரோடு சூதுபவளம் என்னும் சிவப்புக் கல் மணிகளையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஏன் வைத்திருப்பார்கள் என்று அவளிடமே கேளுங்கள்.

காங்கேயத்திலிருந்து: அண்ணமார் கோவிலில் படுகளம் பார்த்தான் மகன்; பொன்னர் சங்கர் கதையின் போர்க்களத்தில் இறந்தவர்களைப் போல ஆட்கள் விழுந்து கிடக்கும் சடங்கு அது. பொன்னர் சங்கருக்காக விழுந்தவர்களை எழுப்பினார்களே, நம் அம்மிச்சியையும் (அம்மாவின் அம்மா) எழுப்பலாமே என்கிறான்.

இந்தக் கேள்விக்கு நானும் கொஞ்சம் ஆடித்தான் போனேன். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் நெஞ்சில் அவன் கையையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படுகளத்தில் கிடந்தவர்களுக்கும் இப்படி மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, அம்மிச்சிக்கு அது நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். நீங்களும் அழலாம்.