முந்திரி ஒட்டில் வீக்கம்: ஊற்ற வேண்டியது எதுவும் இல்லை

கேள்வி: பண்ருட்டிக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு காணி செம்மண் நிலம் உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் நர்சரியில் வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்றுகள் 210 வாங்கி, ஏழு மீட்டர் இடைவெளியில் நட்டோம். இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட கன்றுகளில் ஒட்டுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் தண்டு வீங்கியிருக்கிறது; கீழே மெலிந்திருக்கிறது. சில கன்றுகளில் இலையும் வெளுக்கிறது. மருந்துக்கடைக்காரர் வேர்முடிச்சு நோய் என்று சொல்லிக் குருணையும் வேர் டானிக்கும் கொடுத்தார். இரண்டு முறை ஊற்றியும் பலன் இல்லை. வேறு என்ன மருந்து ஊற்றலாம், ஐயா?

பதில்: எந்த மருந்தும் ஊற்ற வேண்டாம். வேர்முடிச்சை உண்டாக்கும் நூற்புழு வேரில்தான் முடிச்சிடும். தரைக்கு மேலே ஒட்டுக் கட்டிய இடத்தைக் குறிபார்த்து வீங்க வைக்காது. உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. நடும்போது ஒட்டைச் சுற்றியிருந்த பாலிதீன் நாடாவை அவிழ்த்தீர்களா? வீங்கிய கன்றின் அடியைத் துடைத்துவிட்டு, வீக்கத்துக்கும் மெலிவுக்கும் இடையே உள்ள பள்ளத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். நாடா அங்கே இருக்கும். இல்லாவிட்டால் பட்டைக்குள் புதைந்த அதன் விளிம்பாவது தெரியும் என்றே நினைக்கிறேன்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசுதான் உட்புறம் நீரை மேலேற்றும் சைலத்தையும் வெளிப்புறம் உணவைக் கீழிறக்கும் புளோயத்தையும் உண்டாக்கித் தண்டைப் பருக்க வைக்கிறது. அடியில் உள்ள வேர்ச்செடியின் கேம்பியமும் அதன்மேல் ஒட்டிய தாய்க்குச்சியின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட்டு இணைந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். அதுவரை இரண்டையும் அசையாமல் பிடித்து வைப்பதே நாடாவின் வேலை. அதற்குப் பிறகும் விட்டுவைத்தால், குழந்தையின் அரைஞாண் கயிற்றை வளர வளரத் தளர்த்தாமல் விட்டதுபோல், பருக்கும் தண்டை அது இறுக்கத் தொடங்கும். முதலில் நெரிபடுவது வெளிப்புறத்தில் உள்ள புளோயம். இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்கு இறங்குவது அந்த வழியில்தான் என்பதால், வழி அடைபட்டதும் அது ஒட்டுக்கு மேலே தேங்கி அங்குள்ள திசுவைப் பெருக்க வைக்கிறது. மரப்பட்டையை வளையமாக உரித்தால் வளையத்துக்கு மேலே வீங்கும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிவியலாளர் மால்பிகி கண்டிருக்கிறார். சைலம் உள்ளே பத்திரமாக இருப்பதால் தண்ணீர் தொடர்ந்து மேலேறும். ஆகவே இலை நெடுநாள் பச்சையாகவே இருந்து உங்களை ஏமாற்றியிருக்கிறது. இலை வெளுக்கிறது என்றால், வேர் பட்டினி கிடக்கத் தொடங்கி வெகுநாளாகிவிட்டது என்று பொருள்.

வரப்பில் நிற்கும் தென்னையில் வேலிக்கம்பி சுற்றியிருந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். தென்னைக்கு இப்படிப்பட்ட கேம்பிய வளையமே கிடையாது. அதன் குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அதைப் பார்த்து முந்திரியிலோ பலாவிலோ கம்பி சுற்றாதீர்கள்.

இப்போது டானிக்குக்கு வருகிறேன். பட்டினி கிடக்கும் வேருக்குத் தேவை இலையிலிருந்து இறங்கும் சர்க்கரை. அதைப் புட்டியில் அடைத்து மண்ணில் ஊற்ற எந்தக் கடைக்காரராலும் முடியாது. கன்றைக் கண்ணால் பார்க்காமல், நீங்கள் சொன்ன வாய்வார்த்தையை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டி, ஒரு நச்சுக் குருணையையும் ஒரு புட்டியையும் சேர்த்து விற்பவர் உங்களுக்கு ஆலோசனை சொல்லவில்லை, சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார். நர்சரிக்காரர்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர். "நாடா வெயிலில் தானாக இற்றுப்போகும்" என்று சொல்லிக் கன்றை ஏற்றிவிடுகிறார்கள். கன்றின் அடி நிழலிலேயே இருக்க, நாடா எங்கே இற்றுப்போகும்? முந்திரித்தோப்பு வைப்பவர் வாங்க வேண்டிய முதல் இடுபொருள் ஒரு கட்டுச் சவர பிளேடு என்பது என் உறுதியான கருத்து. விற்பவர் முன்னிலையிலேயே சில கன்றுகளின் நாடாவை வெட்டி, ஒட்டு முழுமையாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். முகம் சுளிப்பவரிடம் கன்று வாங்காதீர்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தண்டு நீள்வது நுனியில்தான். ஆதலால் இன்று மண்ணுக்குள் புதைந்த ஒட்டு, மரம் எவ்வளவு வளர்ந்தாலும் தானாக மேலே வராது.

நாடா மேலோட்டமாக இறுகியிருக்கும் கன்றுகளில், அதை நெடுக்காகக் கீறி உரித்துவிடுங்கள். ஆழப் புதைந்திருந்தால் தோண்டி எடுக்க முயல வேண்டாம். அந்த முயற்சியில் மிச்சமிருக்கும் புளோயமும் அறுந்துபோகும். இரண்டு மூன்று இடங்களில் நெடுக்காகக் கீறி இறுக்கத்தை அறுத்துவிட்டு, காயத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவுங்கள். குறுக்காக ஒரு கீறலும் விழக்கூடாது. நாடாவே இல்லாமல் வீக்கம் மட்டும் இருந்து, இலையும் செழிப்பாக இருந்தால், அது மேலும் கீழும் வளரும் வேகத்தில் உள்ள வேறுபாடாக இருக்கலாம். அதைத் தொட வேண்டாம்.

இறுகிய இடம் காற்றுக்கு ஒடியும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் நம் முந்திரித்தோப்புகளை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு கன்றுக்கும் சவுக்குக் குச்சி ஊன்றி, சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். வெளுப்பைப் பார்த்து யூரியாவைக் கொட்டினால் தலைப்பாரம்தான் கூடும். இந்த ஆண்டு அந்தக் கன்றுகளுக்கு அதை நிறுத்திவையுங்கள்.

இலை முழுவதும் வெளுத்து நுனி காய்ந்துவிட்ட கன்றுகளைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கிவிட்டு மழையோடு புதுக்கன்று நடுங்கள். ஆனால் பிடுங்கும் முன் பாருங்கள்: அவற்றில் ஏதாவது ஒட்டுக்குக் கீழிருந்து தழைத்திருந்தால், அந்தத் தழைவு உங்கள் வி.ஆர்.ஐ. 3 அல்ல, பெயர் தெரியாத விதைக்கன்று. வீரியமான ஒரு தளிரை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துவிட்டால், நல்ல தாய்மரத்துக் குச்சியைக் கொண்டு அந்த இடத்திலேயே இளந்தண்டு ஒட்டுக் கட்டலாம். நிலைத்த வேர் ஏற்கெனவே இருப்பதால், புதுக்கன்றைவிட அது வேகமாக எழும்பும்.