மாரிஸ் நாவலில் ரிஸ்லி கைதாகும் இடம் எங்கே?

ரிஸ்லி கைதாகும் இடம் நாவலில் கிடைக்கவில்லை, கிளைவ் திடீரென்று மாறுகிறான், பக்கம் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பிரதியில் பக்கம் எதுவும் விடுபடவில்லை. கேம்பிரிட்ஜ் நண்பன் ரிஸ்லி ஓரினச்சேர்க்கைக்காகக் கைதாவதும், அதைக் கண்டு கிளைவ் பயந்து தன் காதலன் மாரிஸை விட்டு விலகுவதும் இ. எம். ஃபார்ஸ்டரின் நாவலில் கிடையாது. 1987இல் வந்த படத்துக்காகச் சேர்த்தவை அவை. நீங்கள் படத்தை முதலில் பார்த்திருப்பீர்கள், அதனால்தான் கிளைவ் திடீரென்று மாறுவதுபோலத் தெரிகிறது.

நாவலில் கிளைவ் காய்ச்சலில் விழுகிறான். மாரிஸ் அருவருப்பே இல்லாமல் பணிவிடை செய்கிறான். அப்புறம் கிளைவ் கிரேக்கத்துக்குத் தனியாகப் போய், தன்னையும் மீறிப் பெண்களை நாடுபவனாக மாறிவிட்டதாக அங்கிருந்து கடிதம் எழுதுகிறான். அவ்வளவுதான், வெளிக்காரணம் ஒன்றும் இல்லை.

காய்ச்சல் வரும் அத்தியாயத்திலிருந்து அவன் ஊர் திரும்பும் இடம் வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். மாரிஸ் வீட்டுப் பெண்கள் முதலுதவி பழக கிளைவுக்குக் கட்டுப் போட்டு விளையாடுகிறார்கள். அந்தக் கட்டோடு இருக்கும்போதுதான் மாரிஸ் உள்ளே வருகிறான். யார்மீதும் பழிபோட முடியாத பிரிவு. படத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்காகப் பயம் என்ற வாசிப்பைத் தள்ளிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1967 வரை ஆண்களுக்கிடையிலான பாலுறவு குற்றம். 1914இல் எழுதி முடித்ததை ஃபார்ஸ்டர் தன் வாழ்நாளில் வெளியிடவில்லை, 1971இல்தான் அச்சேறியது. ஆனால் கிளைவின் மாற்றத்துக்கு அந்தப் பயமே காரணம் என்று நாவல் சொல்வதில்லை.