இருதயம் தறிகெட்டு ஓடினால் நரம்பை வெட்டுவதா? வாசகர் கேள்விகள்

வெள்ளவத்தை வாசகி: அண்ணாவுக்கு இருதயத்தில் சார்கொயிடோசிஸ் என்ற அழற்சி நோய். துடிப்பு தறிகெட்டால் ஷொக் கொடுத்துச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியை நெஞ்சில் வைத்திருக்கிறார். ஒரே இரவில் நாலு தடவை ஷொக் அடித்தது. இப்போது நெஞ்சுக்குள் நரம்பை வெட்ட வேண்டும் என்கிறார்கள். வருத்தம் இருதயத்தில், வெட்டுவது நரம்பையா?

24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ இப்படி வந்தால் மின்புயல் என்போம். அழற்சியால் புண்பட்ட தசையிலும் ஆறிய தழும்பிலும் மின்னோட்டம் வழிதவறிச் சுழல்கிறது. அதை உசுப்பிவிடுவது பெரும்பாலும் அட்ரினலின். ஷொக் அடித்தால் பயம், பயந்தால் இன்னும் அட்ரினலின், அப்புறம் அடுத்த ஷொக். மருந்து கொடுத்துத் தூங்க வைத்தாலே சிலருக்குப் புயல் அடங்குவது இதனால்தான்.

அமியோடரோன், பீட்டா புளொக்கர் போன்ற துடிப்பை அடக்கும் மருந்துகள், கதீற்றர் என்ற மெல்லிய குழாயை இருதயத்துக்குள் விட்டுக் கோளாறான இடத்தைச் சுடுதல் எல்லாம் முதலில் பார்ப்போம். ஆனால் அழற்சித் தழும்பு தசைக்குள் ஆழமாகக் கிடந்தால் கதீற்றரின் சூடு எட்டாது. அப்போதுதான், அந்த அட்ரினலின் தூண்டுதலை இருதயத்துக்குக் கொண்டுபோகும் பரிவு நரம்புப் பக்கம் போகிறோம். விலா இடுக்கில் சிறு துளையிட்டு, கமெரா வழியாகப் பார்த்தபடி, முதுகெலும்போரம் ஓடும் அந்த நரம்புச் சங்கிலியில், கழுத்தடியில் உள்ள ஸ்டெலேற் என்ற நரம்பு முடிச்சின் கீழ்ப்பாதியையும் அதற்குக் கீழே உள்ள சில முடிச்சுகளையும் அகற்றுவார்கள். இடப்பக்கம் மட்டும், அல்லது இரண்டு பக்கமும். புதுப் பரிசோதனை என்று பயப்பட வேண்டாம்: 1916இலேயே புக்காரெஸ்ட்டில் யொனெஸ்கு என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இந்த நரம்பில் கை வைத்துவிட்டார். கமெரா வந்தது பிறகு.

கொட்டாஞ்சேனை வாசகர்: கண் இமை தொங்கிவிடுமாமே?

சிலருக்கு, அதுவும் பெரும்பாலும் தற்காலிகமாக. கண்ணுக்குப் போகும் இழைகள் அந்த முடிச்சின் மேற்பகுதியில் இருப்பதால் அதை விட்டுவைக்கிறோம். அந்தப் பக்கக் கை வியர்க்காது. பதிலுக்கு முதுகும் வயிறும் கூடுதலாக வியர்க்கலாம். மத்தியானம் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை, முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெஹிவளை வாசகர்: ஒப்பரேஷன் முடிந்தால் ஸ்டீரொயிட் நிறுத்தலாமா?

கூடாது. நரம்பை வெட்டினால் தூண்டுதல்தான் குறையும், அழற்சி அப்படியே இருக்கும்; அதை அடக்குவதுதான் ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. பீட்டா புளொக்கரும் ஐ.சி.டி.யும் தொடரும். அமியோடரோன் குடிப்பவர்கள் தைரொயிட், ஈரல் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

பம்பலப்பிட்டி வாசகர்: மயோகார்டைற்றிஸ் (இருதயத் தசை அழற்சி) வந்து இரண்டு மாதம். ஆடிவேலுக்குத் தேர்வடம் பிடிக்கலாமா?

இந்த வருடம் வேண்டாம். கடும் உழைப்புக்கு 3 முதல் 6 மாதம் ஓய்வு, அப்புறம் எக்கோவும் (இருதய ஸ்கேன்) ஹோல்ட்டரும் (துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி) பார்த்துத்தான். ஓரமாக நின்று கும்பிடுங்கள்.

மருதானை வாசகி: ஷொக் அடிக்கும்போது அவரைத் தொட்டால் எங்களுக்கும் அடிக்குமா?

சின்னக் கூச்சம் தெரியலாம், ஆபத்தில்லை. பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஷொக்தான், ஆள் சுகமாக இருக்கிறார் என்றால் கிளினிக்குக்குச் சொன்னால் சரி. இரண்டாவது வந்தாலோ, மயங்கினாலோ, மூச்சு முட்டினாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.