வாடகை வீட்டில் இருக்கிறேன், கட்டும் வாடகைக்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா?

மட்டக்களப்பில் தனியார் கம்பனி வேலை, சம்பளம் 1,65,000, வாடகை 30,000, மாதாமாதம் சம்பளத்தில் வரி வெட்டுகிறார்கள், பின்னேரங்களில் வீட்டு முன்ஹோலில் டியூஷனும் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குடியிருக்கும் வீட்டு வாடகைக்கு நம் இலங்கையில் ஒரு சதமும் கழிக்க முடியாது. ஆனால் அந்த முன்ஹோல் வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நானும் கல்லடியில் வாடகை வீட்டுக்காரன்தான். இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் யூடியூபில் சென்னைக்காரர் ஒருவர் வாடகையைக் காட்டி வரியை மிச்சம் பிடிக்கும் வழியை அவ்வளவு அழகாக விளக்கினார். அன்றிரவே பன்னிரண்டு மாதக் கணக்கையும் எழுதி, நவம்பர் கடைசியில் வருமான வரி விபரத்திரட்டை (வருட வருமானத்தைக் காட்டும் படிவத்தை) நிரப்பக் குந்தினேன். வாடகைக்கான கட்டத்தைத் தேடுகிறேன், தேடுகிறேன், கிடைக்கவில்லை. காலையில் கணக்காளர் அண்ணன் ஒருவருக்குப் போன் எடுத்தால் அவர் சிரிக்கிறார். "தம்பி, நீ எந்த நாட்டுக்கு வரி கட்டுறாய்?"

அந்த வீடியோ சொன்னது இந்தியாவின் வீட்டு வாடகைப்படிச் சலுகை. அதுவும் அங்கே பழைய வரி முறையைத் தெரிவு செய்தவர்களுக்குத்தான். டப்ளினில் இருக்கும் என் மச்சானுக்கும் கிடைக்கிறது: கட்டிய வாடகையில் 20 வீதம், தனியாளுக்கு 2024 இல் உச்சம் 1000 யூரோ, வரியிலேயே நேரடியாகக் கழியும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். இங்கே அப்படி ஒன்று இல்லை. 2020 முதல் 2022 வரை வைத்தியச் செலவு, பிள்ளைகளின் கல்வி, வீட்டுக் கடன் வட்டி என்று சிலவற்றுக்கு மேலதிகக் கழிவு இருந்தது. அப்போதும் வாடகையைச் சேர்க்கவில்லை. வீடு கட்டுகிறவனின் வட்டி கண்ணில் பட்டவர்களுக்கு வாடகைக்காரன் படவில்லை போலும். கம்பனி உங்களுக்கு வாடகைப்படி என்று தனியாகத் தந்தாலும் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள்தான் வரும்.

உங்களுக்கு உள்ளது எல்லோருக்கும் பொதுவான தனிநபர் நிவாரணம், அந்தத் தொகை வரை வரி இல்லை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம், அதாவது மாதம் 1,50,000. அதற்கு முன் 12 இலட்சமாக இருந்தது. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம்.

சரி, முன்ஹோலுக்கு வருவோம். டியூஷன் தொழில் வருமானம். அதை உழைக்கச் செய்த செலவை அதிலிருந்து கழிக்கலாம், குடும்பச் செலவைக் கழிக்க முடியாது. ஒரே வாடகைக்குள் இரண்டும் கலந்திருப்பதால் பிரிக்க வேண்டும். நான் அளவு நாடா பிடித்து வீட்டை அளந்தேன், மனைவி பார்த்துச் சிரித்தா. உங்கள் முன்ஹோல் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு, அது வகுப்புக்கு மட்டுமே என்று வைத்தால் மாதம் 10,000, வருடம் 1,20,000. டியூஷனில் மாதம் 40,000 வந்தால் 4,80,000 இல் 3,60,000தான் கணக்குக்கு வரும். 6 வீதப்படி உங்களுக்கு மிச்சம் 7,200 ரூபாய். பெரிய காசில்லைதான், ஆனாலும் சும்மா விட வேண்டியதில்லை. பிள்ளைகள் போன பிறகு அதே ஹோலில் குடும்பமே டீவி பார்க்கிறது என்றால் பங்கை இன்னும் குறையுங்கள். முழு வாடகையையும் தூக்கிப் போட்டுவிட்டு, கேள்வி வரும்போது முழிக்க வேண்டாம். டியூஷன் காசு சம்பளத்தில் வெட்டும் வரிக்குள் அடங்காது என்பதையும் மறக்காதீர்கள். அதை விபரத்திரட்டில் நீங்களே காட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் வாடகை கட்டியதற்கு ஆதாரம் வேண்டும். எங்கள் வீட்டுக்கார அக்காவிடம் முதல் தடவை பற்றுச்சீட்டுக் கேட்டபோது முகம் மாறிவிட்டது. "சீட்டு எதுக்கு மனே? உங்கட காசு வரல்லையெண்டு நான் சொல்லப் போறனா?" அவவின் பயம் வேறு, எனக்குப் பிறகுதான் விளங்கியது. சீட்டில் கையெழுத்து வைத்தால் இறைவரிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முற்றத்துக் கதிரையில் இருந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். அவவுக்கு எங்கள் வாடகையை விட்டால் வேறு வருமானம் இல்லை. வருடம் 3,60,000. 18 இலட்சத்துக்குக் கிட்டவும் வராது. அது போக, வாடகை வாங்குகிறவருக்குத் திருத்த வேலை, தேய்மானம் என்று வாடகை வருமானத்தில் 25 வீதத்தைச் சட்டமே கழித்துவிடுகிறது. சுண்ணாம்பு அடித்தாரா, ஓடு மாற்றினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. கட்டுகிற எங்களுக்கு ஒன்றுமில்லை, வாங்குகிற அவவுக்குக் கால்வாசி கழிவு! இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டா.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி ஒரு சீஆர் கொப்பியில் திகதி, தொகை, கையெழுத்து. உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துக்கு மறுத்தால் காசைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள், அந்தத் துண்டே போதும். மார்ச் 31 உடன் முடியும் வருடத்தின் விபரத்திரட்டை நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். டின் நம்பர் (வரி கட்டுபவருக்கான அடையாள இலக்கம்) இன்னும் எடுக்கவில்லையென்றால் முதலில் அதை எடுங்கள், கொப்பி அப்புறம்.